சாண்டோரினியில் எங்கே தங்குவது: பாட்டியின் முழங்காலும் கால்டெரா காட்சியும்

பயணம் போனவர்கள் நான்கு பேர்: அக்கா, அத்தான், அவர்களுடைய ஆறு வயது மகள், அத்தானின் அம்மா. அத்தைக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் அரை மணி நேரம் தாராளமாக நடப்பார். படி ஏறுவதைக்கூடச் சமாளித்துவிடுவார், இறங்குவதுதான் வேதனை. ஏதென்ஸ் பார்த்துவிட்டு 2025 செப்டம்பர் கடைசியில் கிரேக்கத் தீவான சாண்டோரினியில் சில நாள் என்பது திட்டம். எல்லோரும் சைவம். வெளிநாட்டில் கார் ஓட்டுவதில்லை என்று அத்தான் முன்பே சொல்லிவிட்டார். தங்குமிடம் பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

இதை முழுதாக எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கிரேக்கத் தீவுகளுக்குப் போகும் நம் குடும்பங்கள் இப்போது நிறைய. ஆனால் கிடைக்கிற ஆலோசனைகளில் பெரும்பகுதி தேனிலவுத் தம்பதிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. முழங்கால் வலிக்கு அதில் இடமே இல்லை.

அக்காவின் கேள்வி நேராக இருந்தது. ஈயா கிராமத்தின் நீலக் கூரைத் தேவாலயப் படம் ஒன்றை அனுப்பி, "இது ஜன்னல்ல தெரியற மாதிரி ரூம் பாரு. காசு கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை" என்றாள். (ஈயாவை ஓயா என்றும் எழுதுவார்கள்.) அத்தையிடம் தனியாகக் கேட்டேன். "எனக்குக் காலையில எழுந்து நடக்க ஒரு இடம் இருந்தா போதும்ப்பா, மத்தது உங்க இஷ்டம்" என்றார். குழந்தைக்குக் கடல் வேண்டும், அவ்வளவுதான். மூன்று பேரின் விருப்பமும் தீவின் மூன்று வெவ்வேறு மூலைகளைக் காட்டியது.

தீவின் வடிவம்

சாண்டோரினியில் எங்கே தங்குவது என்பதை விடுதியின் படங்களை வைத்து முடிவு செய்ய முடியாது. தீவு எப்படி உருவானது என்று தெரிந்தால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு பெரும் எரிமலை வெடிப்பு நிகழ்ந்தது. நிலத்தடியில் இருந்த எரிமலைக் குழம்பு வெளியேறியதும் மேலே இருந்த நிலம் இடிந்து உள்ளே விழுந்தது. அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்து நிற்கிறது. அதுதான் கால்டெரா. மிச்சமாக நிற்கும் பிறைவடிவ விளிம்புதான் இன்றைய தீவு.

அதனால் தீவுக்கு இரண்டு முகங்கள். மேற்குப் பக்கம் கால்டெராவை நோக்கி ஏறத்தாழ 300 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை. அதன் உச்சியில்தான் வடக்கே ஈயா, அப்புறம் இமெரோவிக்லி, ஃபிரோஸ்டெஃபானி, தலைநகர் ஃபிரா எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கிழக்குப் பக்கம் நிலம் மெதுவாகச் சரிந்து கடலில் இறங்குகிறது. கமாரி, பெரிஸ்ஸா என்ற கறுப்பு மணல் கடற்கரைகளும் விமான நிலையமும் அந்தப் பக்கம்தான்.

அதாவது, பேர் பெற்ற அந்தக் காட்சி உள்ள இடத்தில் கால் நனைக்கும் கரை கிடையாது. கரை உள்ள இடத்தில் அந்தக் காட்சி கிடையாது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இரண்டையும் ஒரே அறையில் வாங்க முடியாது. இதை அக்காவுக்கு வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் பேச்சு முன்னேறியது.

விளிம்பு அறைகள் உண்மையில் என்ன

வெடிப்பில் கொட்டிய சாம்பலும் நுரைக்கல்லும் பல மீட்டர் தடிமனுக்குப் படிந்து கிடக்கின்றன. குடைவதற்கு எளிது, குடைந்தால் இடியாமல் நிற்கும். தீவில் மரம் அரிது என்பதால் மக்கள் பாறைச் சரிவையே குடைந்து வீடாக்கிக்கொண்டார்கள். முகப்பு ஒடுக்கம், உள்ளே நீளம், மேலே வளைந்த கூரை. ஒரு வீட்டின் கூரை அதற்கு மேல் வீட்டின் முற்றம். சரிவு முழுக்க இப்படி அடுக்கடுக்காக இறங்குகிறது. 1956 ஜூலை 9 அன்று வந்த பெரும் நிலநடுக்கத்தில் தீவில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏராளமான வீடுகள் இடிந்தன, பலர் தீவைவிட்டே போய்விட்டார்கள். கைவிடப்பட்ட குகை வீடுகளைச் சீர்செய்து விருந்தினர் விடுதிகளாக்கும் வேலையை 1970களில் கிரேக்க அரசின் சுற்றுலா அமைப்பு ஈயாவில் தொடங்கியது. இன்று படங்களில் நாம் பார்க்கும் வெள்ளை அறைகள் அந்த மரபில் வந்தவை.

பாறையைக் குடைந்து அடுக்கடுக்காகக் கட்டிய வீடுகளுக்குச் சாலை எங்கே வரும்? வராது. வண்டி விளிம்பின் மேல் நிற்கும். அங்கிருந்து அறைக்குப் படி இறங்க வேண்டும். பெட்டியைத் தூக்க விடுதியில் ஆள் இருப்பார், ஆனால் அத்தையைத் தூக்க யாரும் வரப் போவதில்லை. காலை உணவு மேல் தளத்தில் என்றால் ஏறி இறங்க வேண்டும். மருந்துக் கடைக்கு, அந்த நீலக் கூரைத் தேவாலயத்தைப் பார்க்க, ஒரு தண்ணீர் பாட்டில் வாங்க, எல்லாவற்றுக்கும் அதே படிகள்.

விடுதிப் பக்கங்களில் "சில படிகள் உண்டு" என்றுதான் போட்டிருப்பார்கள். அந்தச் "சில" எத்தனை என்று தெரியாமல் பணம் கட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அக்கா ஆசைப்பட்ட ஈயா விடுதிக்கு எழுதி, வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறை வாசல் வரை நடந்தபடியே ஒரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். நல்ல மனிதர்கள், மறுநாளே அனுப்பினார்கள். முதலில் சமமான நடைவீதி. அப்புறம் இடதுபக்கம் ஒரு சந்து, அதிலிருந்து படிகள். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். ஒன்று கணுக்கால் அளவு, அடுத்தது முழங்காலை நெருங்குகிறது. ஓரங்களுக்கு வெள்ளை பூசியிருக்கிறார்கள், பார்க்க அழகு. பிடித்துக்கொள்ளக் கம்பி ஒரு திருப்பத்தில் இருக்கிறது, அடுத்த திருப்பத்தில் இல்லை. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். எழுபது படியைத் தாண்டியும் வாசல் வரவில்லை. வீடியோவை அத்தானுக்கு அனுப்பினேன். "அம்மாவுக்கு இது ஆகாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அக்காவுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அதே வீடியோவில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. அந்த முதல் நடைவீதி, பளிங்குக் கல் பாவிய ஈயாவின் பிரதான வீதி, விளிம்பை ஒட்டி ஏறக்குறைய சமமாகவே ஓடுகிறது. கால்டெராவின் முழுக் காட்சியும் அங்கிருந்தே தெரிகிறது. காட்சி மேலே இருக்கிறது, படுக்கைதான் கீழே. ஈயாவைப் போய்ப் பார்க்க முழங்கால் தடையில்லை, அங்கே தங்குவதற்குத்தான் தடை. அத்தனை செலவும் அத்தனை படியும் அந்தப் படுக்கைக்காகத்தான் என்று புரிந்த பிறகு தேடல் சுலபமாயிற்று.

மற்ற இடங்கள்

இமெரோவிக்லி விளிம்பில் உள்ள ஊர்களிலேயே உயரமானது, அமைதியானது. ஆனால் அறைகள் அதே சரிவில், அதே படிகளில். குழந்தைகளை அனுமதிக்காத விடுதிகளும் அங்கே உண்டு. விளிம்பு விடுதிகளில் சின்னப் பிள்ளைகளோடு தங்குபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: பல முற்றங்களுக்குக் கைப்பிடிச் சுவர் இடுப்பளவுகூட இருக்காது. ஒன்றரை நாளில் அக்காவே இந்த ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள்.

பிர்கோஸ் எனக்கு மிகவும் பிடித்த கிராமம். 19-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தீவின் தலைநகர் அதுதான். உள்நாட்டில் ஒரு குன்றின் மேல் சுருண்டு கிடக்கிறது, மேலே போனால் தீவு முழுவதும் தெரியும். விலையும் விளிம்பு ஊர்களைவிடக் குறைவு. ஆனால் சொந்த வண்டி இல்லாமல் அங்கே தங்கினால் மாலையில் எங்கும் போக முடியாமல் அடைந்து கிடக்க வேண்டும், அதோடு குன்று என்றாலே படி. கார் ஓட்டும் இளம் தம்பதி என்றால் தயங்காமல் சொல்லியிருப்பேன்.

ஃபிரா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தீவின் பேருந்துகள் எல்லாம் ஃபிராவில்தான் கூடிக் கலைகின்றன. ஈயாவிலிருந்து கமாரிக்குப் போக வேண்டுமா, ஃபிராவில் இறங்கி மாற வேண்டும். அக்ரோதிரி அகழாய்விடத்திலிருந்து ஈயாவுக்கா, அதுவும் ஃபிரா வழியாகத்தான். கமாரியும் பெரிஸ்ஸாவும் வரைபடத்தில் அக்கம்பக்கம். ஆனால் நடுவே மெசா வூனோ மலை குறுக்கே நிற்பதால் பேருந்தில் போக ஃபிரா வரை ஏறி இறங்க வேண்டும். கோடையில் இரண்டுக்கும் இடையே சிறு படகு ஓடும். டாக்சிகள் தீவில் மிகக் குறைவு, சாயங்காலத்தில் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆகவே கார் இல்லாத குடும்பத்துக்கு ஃபிராவுக்கு எவ்வளவு பக்கம் என்பதுதான் உண்மையான தூரக் கணக்கு.

ஆனால் ஃபிராவிலேயே தங்கலாமா? உல்லாசக் கப்பல்கள் நங்கூரமிடுவது அதற்கு நேர் கீழே. கேபிள் காரில் மேலே வருபவர்கள் முதலில் கால் வைப்பது அந்த வீதிகளில். கூட்டம் தாங்காமல் நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று 2025 முதல் உச்சவரம்பே வைத்தார்கள். தீவின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 15,500 என்பதோடு சேர்த்துப் பார்த்தால் அந்த எண்ணின் கனம் புரியும். பகல் முழுக்க அந்த நெரிசலில் அத்தையை நடத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. ஃபிரோஸ்டெஃபானி ஃபிராவை ஒட்டினாற்போல் வடக்கே இருக்கிறது, நிதானமாக நடந்தால் கால் மணி நேரம். கூட்டம் அதுவரை அவ்வளவாக வருவதில்லை.

கமாரியில் தரை சமம். கடலை ஒட்டி நீண்ட நடைபாதை, மாலையில் வண்டிகள் வராது. விமான நிலையமும் ஃபிராவும் பக்கம். பெரிஸ்ஸாவும் சமதரைதான், அதன் கரை நடக்க இன்னும் மென்மை, வடக்குக் காற்றுக்கு மலை மறைவும் உண்டு. ஆனால் ஃபிராவிலிருந்து தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தினம் பேருந்து ஏறப் போகிறவர்களுக்கு அது பெரிய வித்தியாசம்.

முடிவு

முதல் சில இரவுகள் கமாரியில், கடைசி இரண்டு இரவுகள் ஃபிரோஸ்டெஃபானியில் என்று பிரித்தேன். ஃபிரோஸ்டெஃபானியில் கால்டெராவைப் பார்த்த அறை வேண்டாம், சாலைப் பக்கம் தரைத்தள அறை போதும் என்று தேடினேன். ஒரே ஊர், விளிம்புக்கு இரண்டு நிமிட நடை, விலை பாதிக்கும் கீழே. வாசலில் இரண்டே படி.

ஏன் கமாரி முதலில்? ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வழக்கமான பெரிய பயணிகள் கப்பலில் வருகிறார்கள், எட்டு மணி நேரம் போல ஆகும். அதினியோஸ் துறையில் இறங்கி, பாறையைச் சுற்றிச் சுற்றி ஏறும் சாலையில் வந்து சேரும்போது எல்லோருக்கும் களைப்பு. அந்த நேரத்தில் சமதரையில் ஒரு வீடும் சமைக்க அடுப்பும் இருந்தால் போதும். காட்சியைக் கடைசிக்கு வைத்ததில் இன்னொரு வசதியும் உண்டு. எந்த நாளில் எத்தனை உல்லாசக் கப்பல் வரும் என்ற அட்டவணை முன்கூட்டியே வெளியாகிறது. கப்பல் குறைவான நாட்களாகப் பார்த்து ஃபிரோஸ்டெஃபானி இரவுகளை வைத்தோம்.

இடம் மாறினால் அரை நாள் வீண் என்று அத்தான் தயங்கினார். பெரிய தீவான கிரீட்டில் அது நியாயமான பயம், ஒரு முனையிலிருந்து மறுமுனை 260 கிலோமீட்டர். சாண்டோரினியில் கமாரியிலிருந்து ஃபிரோஸ்டெஃபானிக்கு வண்டியில் அரை மணிக்குள் போய்விடலாம். முந்தைய நாளே வண்டி சொல்லி வைத்தால் போதும்.

விசா விண்ணப்பத்தில் தங்குமிட முன்பதிவைக் காட்ட வேண்டியிருப்பதால், கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டுமே எடுத்தோம். விலையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று கிரேக்க அரசின் காலநிலை வரி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு, 2025 கணக்குப்படி, இரண்டு நட்சத்திரம் வரை 2 யூரோ, மூன்று நட்சத்திர ஹோட்டலில் 5, நான்கில் 10, ஐந்தில் 15. குறுகிய கால வாடகைக்கு விடும் அடுக்ககங்களில் 8. பல இடங்களில் இணையத்தில் காட்டும் தொகையில் இது சேராது, அங்கே போய்க் கட்ட வேண்டியிருக்கும். சிக்கனம் என்று நினைத்து எடுத்த வாடகை வீட்டுக்கு மூன்று நட்சத்திர ஹோட்டலைவிட வரி கூடுதல் என்பதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை.

2025 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் தீவைச் சுற்றித் தொடர் நில அதிர்வுகள் வந்து ஆயிரக்கணக்கானோர் தற்காலிகமாக வெளியேறியதை அக்கா செய்தியில் படித்திருந்தாள். "அங்க போகலாமா?" என்று கேட்டாள். அவர்கள் போவதற்கு வெகு முன்பே அது அடங்கி, ஊர் வழக்கத்துக்குத் திரும்பியிருந்தது. இருந்தாலும் சரிவில் தொங்கும் அறை வேண்டாம் என்ற முடிவு அவளுக்கு அதற்குப் பிறகு இன்னும் நிம்மதியாக இருந்தது.

நடந்தது என்ன

அத்தையின் காலை நடை முதல் நாளே அமைந்துவிட்டது. கமாரி கிழக்கு பார்த்த ஊர் என்பதால் சூரியன் கடலிலிருந்து எழும். நடைபாதையில் ஒரு முனையில் மெசா வூனோ மலையின் அடி, மறுமுனை வரை போய்த் திரும்ப அவருக்கு ஒரு மணி நேரம். இடையில் உட்கார நிறைய இடம். கடலுக்குள் இறங்குவதுதான் கடினம். கரை மணல் என்று சொல்வதைவிடக் கறுப்புக் கூழாங்கல் என்பதே சரி. தண்ணீருக்குள் இரண்டு அடி வைத்ததும் ஆழம் கூடுகிறது, வெயிலேறினால் கல் சுடுகிறது. குழந்தைக்கு நீரில் போடும் ரப்பர் செருப்பு வாங்கிய பிறகே விளையாட்டு தொடங்கியது. விமானங்கள் தலைக்கு மேல் தாழ்வாக வரும். பகலில் குழந்தைக்கு அது வேடிக்கை, இரவில் வந்தால் தூக்கம் கலையும்.

அடுப்புள்ள அறை எடுத்தது மிகப் பெரிய உதவி. காலையில் அறையிலேயே சமையல், மதியம் வெளியே. தீவின் ஃபாவா, மஞ்சள் பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்டுத் தருவது, அத்தைக்கு நம் பருப்புக் கடைசல் போலவே இருந்ததாம். இந்தத் தீவின் தக்காளியில் செய்யும் வடை போன்ற பொரியல் குழந்தைக்குப் பிடித்துவிட்டது. குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாது என்பதால் பெரிய பாட்டில்களாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். கழிவறைக் காகிதத்தைக் கூடையில்தான் போட வேண்டும், குழாய்கள் ஒடுக்கம். இதைக் கிரேக்கத் தீவுகளுக்குப் போகும் எல்லோரும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஃபிரோஸ்டெஃபானியில் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் விளிம்பு நடைபாதையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். செப்டம்பர் கடைசியில் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கில், எதிரே இருக்கும் திராசியா தீவின் பக்கம் இறங்குகிறது. ஈயாவின் பழைய கோட்டை இடிபாட்டில் முண்டியடிக்கும் கூட்டம் இங்கே இல்லை. உட்கார்ந்து பார்க்க மதில் இருக்கிறது, காசு கேட்பவர் யாரும் இல்லை. ஈயாவுக்கு அவர்கள் ஒரு காலையில் முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடித்துப் போனார்கள். கடைகள் திறக்காத நேரம், பளிங்கு வீதி காலியாக இருந்தது. அத்தை அந்தச் சமமான வீதியில் முழுதும் நடந்தார். நீலக் கூரையைப் பார்க்கும் சந்துப் படிகளில் மட்டும் அவர் இறங்கவில்லை. மற்றவர்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். சாயங்காலப் பேருந்துக்கு அங்கே நிற்கும் வரிசையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்ததால் பதினோரு மணிக்கே திரும்பிவிட்டார்கள்.

குறை என்றால், சாலைப் பக்க அறையில் இரவு பன்னிரண்டு வரை நான்கு சக்கர மோட்டார் சைக்கிள்களின் (குவாட் பைக்) சத்தம். அதைத் தங்குமிடம் கேட்கும்போதே விசாரிக்க வேண்டும், பின்கட்டு அறை இருந்தால் அதைக் கேட்க வேண்டும். அக்காவுக்கு அறையிலிருந்தே கால்டெரா தெரியவில்லையே என்ற ஆதங்கம் முழுதாகப் போகவில்லை. அது நியாயமான ஆசைதான், அடுத்த முறை அவர்கள் இருவர் மட்டும் போனால் இமெரோவிக்லியில் ஒரு நல்ல அறை எடுத்துக் கொடுப்பேன்.

இதே தீவு, வேறு குடும்பம் என்றால் விடையும் மாறும். ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்னும் வடக்குக் காற்று பலமாக வீசும்போது கடற்கரைதான் முக்கியம் என்பவர்களுக்கு கமாரியைவிட மலை மறைவில் இருக்கும் பெரிஸ்ஸா நல்லது. நவம்பர் முதல் மார்ச் வரை போனால் கடற்கரை ஊர்களில் பெரும்பாலான விடுதிகளும் உணவகங்களும் மூடியிருக்கும், பேருந்துகளும் குறைந்துவிடும். அந்த மாதங்களில் கப்பல் கூட்டமும் இருக்காது, எனவே முழங்கால் வலி உள்ளவர்களையும் ஃபிராவிலேயே, பேருந்து நிலையத்துக்கு அருகில், சாலை மட்டத்து அறையில் தங்க வைக்கச் சொல்வேன்.